அகவுறுப்புச் சொற்களும் உடற்கூற்றுக் கல்வியும்

மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் தமிழ்வழிக் கற்கப் புகுவோர்க்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் பொருள் பற்றியதன்று, சொல் பற்றியது. கண், காது, மூக்கு, தோள், முழங்கால் எனப் புறத்தே காணப்படும் உறுப்புகளின் பெயர்கள் ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றுள்ளன. தோலுக்கு உள்ளே சென்றவுடன் இந்நிலை மாறிவிடுகின்றது. ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுட்டுகின்றது. ஒரே உறுப்புக்கு ஊரார் வழங்குவது ஒரு பெயர், பாடநூல் வழங்குவது மற்றொரு பெயர், கடல் கடந்த ஈழத்துப் பாடநூல் வழங்குவது வேறொரு பெயர். இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதையும், அதனால் கற்போர்க்கும் நோயுற்றோர்க்கும் நேர்வது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டைக்கு அணித்தாக உள்ள மேல்மலையனூர், அங்காளபரமேசுவரி கோயிலால் புகழ்பெற்ற ஊராகும். பிரமனின் தலையைக் கொய்த சிவபெருமானது கையில் அம்மண்டை ஒட்டிக்கொண்டது என்றும், அன்னை இவ்வூர்ச் சுடலையில் சோற்றைச் சூறையிட, அதனை உண்ண இறங்கிய மண்டையை மிதித்து அடக்கினாள் என்றும் தலக்கதை கூறும். மாசி மாதத்தில் சிவராத்திரியை அடுத்து நிகழும் மயானக்கொள்ளை இக்கதையின் நினைவேயாகும். எவலின் மேயர் என்னும் அறிஞர் 1986-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலொன்று இவ்வழிபாட்டையும் கதைகளையும் விரிவாக ஆராய்கின்றது. மண்டையோடும் எலும்பும் சாம்பலும் வழிபாட்டின் நடுவிடத்தைப் பெறும் இத்தகைய ஊரிலே, உடலின் உள்ளமைப்பு மக்களின் கற்பனைக்கு அயலானதன்று. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழடும் பகுதியைக் கற்றோர், நிணமும் குடரும் மூளையும் தமிழ்ப் புலவர்க்கும் அயலல்ல என்பதை அறிவர்.

ஆயினும் சுடலையும் போர்க்களமும் காட்டுவது சிதைந்த உடலையே. எலும்பு எஞ்சும், அதன் தொழில் தெரியாது. குடர் வெளிப்படும், உணவு அதனுள் யாதாகின்றது என்பது வெளிப்படாது. நோய் நீங்க வேண்டி அம்மன் கோயில்களில் மக்கள் காணிக்கையாக இடும் வெள்ளித் தகடுகளையும் உருவாரங்களையும் உற்றுநோக்கினும் இவ்வுண்மை புலனாகும். கண்மலர், கை, கால் எனப் பெரும்பாலும் புறவுறுப்புகளே அவற்றில் இடம்பெறுகின்றன. உள்ளே எங்கு நோவினும் அது ‘வயிறு’ அல்லது ‘நெஞ்சு’ என்றே அடங்கிவிடுகின்றது. காணிக்கை செலுத்துவோரின் அறியாமை இதற்குக் காரணம் என்று கொள்ளுதல் தவறு. நோவுடையவன் சுட்டிக் காட்டக்கூடியது புறத்தே உள்ள இடத்தைத்தான்.

இலக்கிய மரபும் இதனோடு ஒத்தே செல்கின்றது. பாதாதிகேசம், கேசாதிபாதம் எனப் பாட்டியலார் வகுத்த சிற்றிலக்கியங்கள் உடலை அடிமுதல் முடிவரையிலோ, முடிமுதல் அடிவரையிலோ வரிசையாகப் பாடுவன. அங்கமாலையும் அவ்வகையதே. நாவுக்கரசரின் திருவங்கமாலை உறுப்புகளை ஒவ்வொன்றாக விளித்து இறைவனுக்கு ஆட்படுத்துகின்றது. இவ்வரிசை கண் செல்லும் வரிசை. மேலிருந்து கீழ், அல்லது கீழிருந்து மேல். உடற்கூற்று நூலின் வரிசை அதுவன்று. தலையிலுள்ள குருதிக்குழாயும் காலிலுள்ள குருதிக்குழாயும் அந்நூலில் ஓரிடத்தே வைத்துப் பேசப்படும். தலையெலும்பும் கால்விரலெலும்பும் 206 எலும்புகளின் தொகையில் ஒருங்கே எண்ணப்படும். இடத்தால் தொகுப்பது இலக்கியம். தொழிலால் தொகுப்பது அறிவியல் எனலாம்.

இவ்விரு முறைகளும் ஒரு நூற்பெயரிலே எதிர்ப்பட்ட வரலாறு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க நாட்டு வூஸ்டர் நகரில் 1822-இல் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க மிஷனைச் சார்ந்து 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருந்தது. ஆங்கிலத்தில் கற்றோர் அரசுப் பணிகளை நாடி ஊரைவிட்டுச் செல்வதையும், தமிழில் கற்றோரே தமிழ் ஊர்களில் தங்கித் தொண்டாற்றுவர் என்பதையும் கருதி, 1860-களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். 1873-இல் தாயகம் மீளும்வரை அவர் பயிற்றிய மருத்துவர் 60-க்கு மேற்பட்டோர். 1884-இல் தம் பிறந்த ஊரிலே மறைந்தார். சமயப் பரப்புரை அவர் நோக்கங்களுள் ஒன்று என்பதை அவரே மறைத்தாரல்லர். நாம் ஈண்டுக் கருதுவது அவர்தம் மொழிப்பணியை மட்டுமே.

கட்டர் என்பார் எழுதிய பள்ளிநூலின் தமிழாக்கம் 1857-இல் ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ என மூன்று துறைகளின் பெயரையும் தாங்கி வெளிவந்தது. உடலின் அமைப்பு, உடலின் இயக்கம், உடல்நலம் பேணல் என்பன முறையே அவற்றின் பொருள். பின்னர்க் கிரேயும் பிறரும் எழுதிய நூல்களைத் தழுவி ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல் வெளியாயிற்று. கிரேயின் நூல் இலண்டனில் முதன்முதல் அச்சேறியது 1858-இல் என்பதை நினைவிற்கொண்டால், பதினான்கே ஆண்டுகளில் அதன் செய்தி தமிழுக்கு வந்துவிட்டமை தெளிவாகும். மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு கொண்டோர் அவர்தம் தமிழ் மாணவர்களே. அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ (1867), ‘வைத்தியாகரம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலியன அவ்வரிசையில் பிற நூல்கள்.

இந்நூற்பெயர்களே கலைச்சொல்லாக்கத்தின் மூன்று வழிகளை நமக்குக் காட்டுகின்றன. ‘இரண வைத்தியம்’ மக்கள் முன்னரே வழங்கிய சொற்களால் ஆயது. ‘கெமிஸ்தம்’ ஆங்கில ஒலியைத் தமிழீறு தந்து ஏற்றுக்கொண்டது. ‘அங்காதிபாதம்’, ‘சுகரணம்’ ஆகியவை வடமொழி வேர்களைக் கொண்டு புதிதாக ஆக்கப்பட்டவை. முதல் வழி எளிது. இரண்டாம் வழி நேர்மையானது. தன்னை அயற்சொல் என்று அது மறைப்பதில்லை. மூன்றாம் வழியே ஆராய்ச்சிக்குரியது. ‘அங்காதிபாதம்’ என்றவுடன் தமிழ் கற்றவனுக்குக் கேசாதிபாதம் நினைவுக்கு வரும். பழகிய ஓசை புதிய துறையின் அச்சத்தைப் போக்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வோசை, உடலை உறுப்பு வரிசையாகப் பாடும் பழைய முறையையும் உடன் அழைத்து வருகின்றது. ‘சுகரணம்’ அதனினும் சிறந்த ஆக்கம் என்பது நம் கருத்து. கரணம் என்பது கருவியையும் செயலையும் குறிக்கும். சைவ சித்தாந்தம் பயின்றோர் அந்தக்கரணம் என்னும் வழக்கால் இதனை அறிவர். ‘சு’ என்னும் முன்னொட்டு நன்மையைச் சுட்டும். கருவிகள் செவ்வனே தொழிற்படுதல் என்று பிரித்துக் காண்பின், உடலியக்கத்தைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் அக்காலத்தில் அரிதே. இவ்விரண்டு சொற்களும் இன்று வழக்கிறந்தன. உடற்கூறு, உடலியல், உடலியங்கியல் என்பன அவற்றின் இடத்தைப் பெற்றன. கிறீன் சென்ற பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. வகுப்பறை மறைந்தபின் சொற்களும் உடன் மறைந்தன.

இனி, ஆக்கிய சொற்களை விடுத்து, மக்களின் நாவில் வாழும் சொற்களை நோக்குவோம். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்றும் ‘ஈரல்’ என்னும் ஒரே தலைச்சொல்லின் வகைகளாக நிற்கின்றன. தொழிலால் இவை மூன்றும் தம்முள் தொடர்பற்றவை. கல்லீரல் பித்தநீரைச் சுரந்து, குடலிலிருந்து வரும் உணவுச் சத்தை மாற்றிச் சேமிப்பது. மண்ணீரல் முதிர்ந்த செவ்வணுக்களைக் குருதியிலிருந்து நீக்குவது. நுரையீரல் காற்றுக்கும் குருதிக்கும் இடையே வளிமாற்றம் நிகழும் இடம். இவற்றை ஓரினமாக்கியது யார்? ஆட்டை அறுத்துக் கூறுபோட்டவனின் கை என்றே நாம் கொள்கின்றோம். கையில் எடுத்தபோது மெத்தென்றும் குருதி நிறைந்தும் இருந்தவை ஈரல் எனப்பட்டன; அவற்றுள் நுரைபோன்றது நுரையீரல் ஆயிற்று. இப்பெயர் எத்துணை நுட்பமானது என்பதற்கு மருத்துவச் சட்டத்துறையிலும் ஒரு சான்று உண்டு. இறந்து கிடந்த சிசு பிறந்தபின் மூச்சு விட்டதா என்று அறிய, அதன் நுரையீரலை நீரிலிட்டு மிதக்கின்றதா எனப் பார்க்கும் சோதனை நெடுங்காலம் வழங்கிவந்தது. அது முடிந்த முடிபு தருவதன்று என்பதை இன்றைய அறிஞர் உணர்வர். ஆயினும் சோதனையின் அடிப்படையும் நம் சொல்லின் அடிப்படையும் ஒன்றே: மூச்சு புகுந்த ஈரல் நுரைபோல் இலேசானது.

இவ்வாறு கை கண்டு வைத்த பெயர்கள் பல நலமே செய்தன. தீங்கு செய்த பெயரும் ஒன்று உண்டு. அது ‘நரம்பு’.

பழந்தமிழில் நரம்பு என்பது யாழின் நரம்பையும் உடலின் நரம்பையும் ஒருங்கே குறித்தது. நீண்டு, மெலிந்து, இழுத்துக் கட்டியது போல் இருப்பது எதுவோ அது நரம்பு. இலையில் ஓடும் கோடும் நரம்பு. முதியோர் புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயும் நரம்பு. குதிகாலின் பின்னே கயிறுபோல் நிற்கும் தசைநாணும் நரம்பு. தோலைத் துளைத்து வெளிவரும் நூற்புழுவால் உண்டாகும் நோய்க்கு நரம்புச்சிலந்தி என்று பெயர். ஆங்கே உடலின் எந்த நரம்பும் இல்லை, நூல்போன்ற புழுவே உண்டு. (இந்நோய் இந்தியாவில் 1996-க்குப் பின் காணப்படவில்லை, 2000-இல் நாடு இந்நோயினின்று விடுபட்டதாகச் சான்றளிக்கப்பெற்றது. நோய் ஒழிந்தது, சொல் அகராதியில் எஞ்சியது.) மருத்துவமனைகளில் இன்றும் ‘நரம்பு ஊசி’ என்று மக்கள் கூறுவது, சிரை எனப்படும் குருதிக்குழாயில் செலுத்தும் ஊசியையே. பாடநூலோ மூளைக்கும் உடலுக்கும் இடையே உணர்ச்சியையும் ஏவலையும் கடத்தும் இழைக்கற்றைக்கு மட்டுமே அச்சொல்லை உரிமையாக்குகின்றது.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் வேறுபாடன்று. மேல்மலையனூர், செஞ்சி வட்டாரங்களில் நெல் அறுக்கும்போதோ கரும்பு வெட்டும்போதோ அரிவாள் மணிக்கட்டில் பட்டது என்று கொள்வோம். உடன்வந்தோர் மருத்துவரிடம் கூறுவது ஒரே தொடர்: ‘நரம்பு அறுந்துவிட்டது.’ மணிக்கட்டின் உட்புறத்தில் நிகழ்ந்தது யாது? நாடி பார்க்கும் இடத்திலே பெருவிரற் பக்கமாக ஒரு தமனி ஓடுகின்றது. அதற்கு அருகே, நடுவில் உள்ள குறுகிய வழியொன்றில், விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடுநரம்பு எனப்படும் உண்மையான நரம்பும் நெருங்கிச் செல்கின்றன. தோலடியில் நீலச் சிரைகள். இவையனைத்தும் சில விரற்கடை அகலத்துள் அடங்கியவை. தமனி அறுந்தால் குருதி விட்டுவிட்டுப் பீறிடும். உடனே அழுத்திப் பிடித்தல் வேண்டும். தசைநாண் அறுந்தால் விரல் மடங்காது. குருதிப்பெருக்கு மிகுதியாக இல்லாமலும் இருக்கலாம். நடுநரம்பு அறுந்தால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் பக்கங்களில் உணர்ச்சி மங்கும். பெருவிரல் உள்ளங்கைக்கு எதிர்நிற்கும் ஆற்றல் குன்றும். மூன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆறும் காலமும் வேறு. குருதி நின்றவுடன் ‘நரம்பு சேர்ந்துவிட்டது’ என்று மகிழ்ந்து வீடு திரும்பியவன், சில திங்கள் கழித்துப் பெருவிரலடித் தசை மெலிந்து, நாற்றைப் பற்ற இயலாத கையோடு மீண்டும் வர நேரலாம். ஒரு சொல் மூன்றாகப் பிரியாமையால் கையொன்று தொழிலை இழக்கின்றது. ‘விரலை மடக்கு, தொட்டால் தெரிகின்றதா?’ என்று வினவும் மருத்துவர், சொல் செய்யத் தவறிய பிரிவினையைத் தாம் செய்கின்றார்.

குருதிக்குழாய்களின் பெயரிலும் சிறிது நின்று நோக்கவேண்டிய செய்தி உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமனி, சிரை என வடசொற்களை ஆள்கின்றன. தமனி என்பது ஊதுதல் என்னும் பொருளுடைய வேரினின்று தோன்றியது. இதே உறுப்புக்குக் கிரேக்கர் இட்ட பெயரும் காற்றோடு தொடர்புடையதாகக் கருதப்பட்டது. இறந்த உடலில் தமனி வெறுமையாய்க் கிடக்கக் கண்டு, அதனுள் ஓடுவது காற்றே என அவர்களுள் சிலர் எண்ணினர். குருதியே ஓடுகின்றது என்று கேலன் மெய்ப்பித்தார். அது சுற்றி ஓடுகின்றது என்பதை 1628-இல் ஆர்வி நிறுவினார். பெயரில் காற்று இன்னும் தங்கியுள்ளது. பள்ளிகளில் இவற்றை ‘நல்ல இரத்தக் குழாய், கெட்ட இரத்தக் குழாய்’ என விளக்கும் வழக்கம் உண்டு. இவ்விளக்கம் கைவிடத்தக்கது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனி உயிர்வளி குன்றிய குருதியையே சுமக்கின்றது. அங்கிருந்து மீளும் சிரை உயிர்வளி மிக்க குருதியைச் சுமக்கின்றது. நிறத்தால் வரையறுத்தால் இவ்விரண்டும் இடம் மாறிவிடும். இதயத்தினின்று வெளிச்செல்வது தமனி, இதயத்தை நோக்கி மீள்வது சிரை எனத் திசையால் வரையறுத்தலே பிழையற்றது.

தமிழ் முதுகலை மாணவர்க்கு நேரடியாகப் பயன்படும் மற்றொரு சொல் ‘மூளை’. சித்த மருத்துவ நூல்கள் உடற்றாதுக்களைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என ஏழாக வகுக்கும். என்பை அடுத்து நிற்கும் இம்மூளை தலைக்குள் உள்ளதன்று. எலும்பின் உட்புழையில் உள்ள மச்சை. பதிப்புக்கும் உரைக்கும் புகும் இளைஞர் இதனைத் தலைமூளை எனக் கொண்டு நரம்பு மண்டலத்தோடு இணைத்து எழுதுவது உண்டு. அங்ஙனம் கொண்டால் அவ்வரிசையின் கருத்தே சிதையும். செந்நீரினின்று ஊனும், ஊனினின்று கொழுப்பும், கொழுப்பினின்று என்பும், என்பினின்று மச்சையும் தோன்றும் என்பது பண்டையோர் கொள்கை. குருதியணுக்கள் தோன்றும் இடமே எலும்பு மச்சை என்பது இன்றைய உடலியல். ஆகவே குருதிக்கும் மச்சைக்கும் தொடர்புண்டு என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். எதிலிருந்து எது என்பதில் நேர்மாறாக நிற்கின்றனர். இச்சுவையான முரண் ‘மூளை’யின் பழம்பொருளை அறிந்தவர்க்கே தோன்றும்.

இதனோடு ஒரு கருத்தைக் கூறல் தகும். 72,000 நாடிகள், இடகலை, பிங்கலை, சுழுமுனை ஆகியவற்றை இன்றைய நரம்புகளோடும் முதுகுத்தண்டோடும் ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டும் முயற்சிகள் பலவுள. நாம் அவற்றை ஏற்பதற்கில்லை. யோக நூலார் கூறிய நாடி அறுத்துக் கண்ட குழாயன்று. பயிற்சியில் உணர்ந்த இயக்கம். அதனை அறுவைக் கத்தியின் முன் நிறுத்துவது அந்நூலார்க்கும் நீதியன்று, உடற்கூற்று நூலார்க்கும் நீதியன்று.

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல்லாக்கம் மீண்டும் தழைத்தது. 1916-இல் சேலத்தில் தோன்றிய முயற்சியும், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் வெளியிட்ட ‘கலைச்சொற்கள்’ தொகுதியும் குறிப்பிடத்தக்கன. அக்காலத்தும் பின்னும் நிலைபெற்ற சொற்களுள் ‘சிறுநீரகம்’ ஒன்று. பேச்சில் வழங்கிய ‘குண்டிக்காய்’ அவைக்கு ஆகாதெனக் கருதப்பட்டது போலும். புதுச்சொல் அழகியது, ஆயினும் சிறுநீரின் அகம் என்பது அதனைத் தேக்கிவைக்கும் பைக்கே மிகவும் பொருந்தும். இவ்வுறுப்பின் தொழில் தேக்குதல் அன்று. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழித்து எஞ்சியதை மீட்டுத் தருவது. உப்பின் அளவையும் குருதியழுத்தத்தையும் காப்பது. செவ்வணு ஆக்கத்தைத் தூண்டும் சுரப்பைத் தருவது. ‘சிறுநீர் நன்றாகத்தான் போகின்றது, சிறுநீரகத்தில் கேடு எங்ஙனம் வரும்?’ என்று வினவும் நோயாளியின் ஐயத்தில் இச்சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. பழுதுற்ற சிறுநீரகம் நீரை வெளிவிட்டுக்கொண்டே நஞ்சை உள்ளே நிறுத்திவிடும்.

ஈழமும் தமிழகமும் இத்துறையில் வெவ்வேறு வழிகளில் சென்றமை தனி ஆராய்ச்சிக்கு உரியது. இங்கே தமனியும் சிரையும். ஆங்கே நாடியும் நாளமும். இங்கே செல், திசு. ஆங்கே கலம், இழையம். கணையம் ஆங்கே சதையி. செரிமானம் ஆங்கே சமிபாடு. நரம்பு மண்டலம் ஆங்கே நரம்புத்தொகுதி. ஈழத்தார் சொற்களில் சில நம் சொற்களினும் தமிழ்மை மிக்கன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ‘இழையம்’ என்பது இழைகளால் ஆயது என்னும் பொருளைத் தானே உணர்த்தி நிற்க, ‘திசு’ ஒன்றும் உணர்த்தாது நிற்கின்றது. ‘நாடி’யை ஆள்வதில் மட்டும் நமக்குத் தயக்கம் உண்டு, தமிழகத்தில் அது துடிப்பையும் சோதிடச் சுவடியையும் ஒருங்கே சுமந்துகொண்டுள்ளது. தமிழ்நாட்டரசு அண்மை ஆண்டுகளில் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கி வெளியிடத் தொடங்கியுள்ள நிலையில், மானிப்பாயில் தொடங்கிய சொற்களஞ்சியமும் ஈழத்துப் பாடநூற் சொற்களும் மொழிபெயர்ப்பாளர் மேசையில் இருத்தல் வேண்டும்.

அவற்றோடு, இன்னும் தொகுக்கப்பெறாத சொற்களும் உள. வட்டார வழக்கைத் தொகுக்கச் செல்லும் மாணவர் உழவுச்சொல், நெசவுச்சொல் ஆகியவற்றைத் திரட்டுகின்றனர். இறைச்சிக் கடைக்கும், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவோரிடமும், முதிய மருத்துவச்சிகளிடமும் செல்வது அரிது. மேல்மலையனூர்ப் பகுதி போன்ற இடங்களில் இவர்களிடம் கேட்டால், அகவுறுப்பு ஒவ்வொன்றுக்கும் அகராதி காணாத பெயர் கிடைக்கக்கூடும். கடையில் ‘மண்ணீரல்’ என்று கேட்பவனுக்கு விளங்காத விழிப்பே விடையாகலாம். ‘சுவரொட்டி’ என்றால் உடனே எடுத்துத் தருவர். குருதி குன்றியவர்க்குச் சுவரொட்டி சமைத்துக் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உண்டு. முதிர்ந்த செவ்வணுக்கள் சிதைந்து இரும்புச்சத்து எஞ்சும் இடம் அது என்பதை எந்தப் பாடநூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.